ஹளரத் ஜுபைர் (ரலி) அவர்களின் கடனும் மைந்தரின் கணக்கும்

அல்லாஹ்வின் பாதையில் உயிரைக் கொடுத்த ஷஹீதுக்கு அவருடைய பாவங்கள் அனைத்தும் மன்னிக்கப்படுகின்றன, கடன் ஒன்றைத் தவிர. இது கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துத் தந்த செய்தி. முஸ்லிம் ஷரீபில் பதிவாகியிருக்கிறது. உயிரையே ஈந்தவருக்கு இந்த நிலை என்றால், கட்டிலில் கிடந்து மௌத்தாகும் நம்மைப் போன்றோரின் நிலை என்னவாகும் என்று நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? மய்யித்தை அடக்கிவிட்டுத் திரும்பிய மூன்றாம் நாளே சில வீடுகளில் சொத்துப் பேச்சு எழுந்து விடுகிறது. வேறு சில வீடுகளிலோ முப்பது வருடமானாலும் அந்தப் பேச்சே எழுவதில்லை. எல்லாம் மூத்தவர் கையில் இருக்கும். கடை வாடகை எவ்வளவு வந்தது, தோப்பில் என்ன விளைந்தது, வாப்பா யாரிடம் கைமாத்து வாங்கியிருந்தார், யாருக்குக் கொடுத்திருந்தார் என்பதெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்திலும் இருக்காது. கேட்டால் கோபம் வருகிறது. கேட்காவிட்டால் மனத்தாங்கல் வளர்கிறது. சகோதரிகள் வாய் திறவாமலே கபுருக்குப் போய்விடுகிறார்கள். வாப்பாவின் கடனோ அவர் கழுத்திலேயே தொங்கிக் கொண்டிருக்கிறது.

இறந்தவரின் சொத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய குடும்பத்தின் உதாரணம் புகாரி ஷரீபில், தொகைகளோடும் பெயர்களோடும் விரிவாக வந்துள்ளது. சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மரில் ஒருவரான ஹளரத் ஜுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களின் சொத்தும், அவர்களின் மூத்த மைந்தர் ஹளரத் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அதற்குப் பார்த்த கணக்கும்தான் அது. அதை நாம் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

பெருமானாரின் ஹவாரி

ஹளரத் ஜுபைர் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் மாமியாகிய ஹளரத் ஸபிய்யா (ரலி) அவர்களின் புதல்வர். தந்தை அவ்வாம், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் உடன்பிறந்தவர். ஆக, இரு வழியிலும் நபிகளாரின் இல்லத்துக்கு நெருங்கிய உறவு. இளம் வயதிலேயே இஸ்லாத்தைத் தழுவினார்கள். அதற்காகத் தம் சிறிய தந்தையின் கையாலேயே துன்பம் அனுபவித்தார்கள். அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றவர்களில் அவர்களும் ஒருவர்.

பத்ருக் களத்தில் மஞ்சள் தலைப்பாகை அணிந்து போரிட்டவர்கள் அவர்கள். அகழ்ப்போரின்போது எதிரிகளின் செய்தியை அறிந்துவர யார் போவார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்க, ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றவர்களும் அவர்களே. அன்றுதான் ஒவ்வொரு நபிக்கும் ஓர் ஹவாரி உண்டு, தமது ஹவாரி ஜுபைர் என்று நபிகளார் சிறப்பித்தார்கள். யர்மூக் போரில் பெற்ற காயம் ஆறிய பின்னும் தோளில் பள்ளமாக நின்றுவிட்டது. சிறுவராயிருந்த மைந்தர் உர்வா அந்தப் பள்ளத்தில் விரலை நுழைத்து விளையாடுவாராம்.

செல்வத்தில் பிறந்து செல்வத்தில் வளர்ந்தவர்கள் அல்லர். ஹளரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களை மணமுடித்தபோது அவர்களிடம் இருந்தவை ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும்தான். நிலமோ பணமோ இருக்கவில்லை. குதிரைக்குத் தீனி வைப்பதும், தோல் வாளியைத் தைப்பதும், தொலைவிலிருந்த நிலத்திலிருந்து ஈச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவதும் அஸ்மா (ரலி) அவர்களின் வேலையாக இருந்தன. இதை அம்மையாரே பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். அவ்விருவரின் மூத்த மகவுதான் அப்துல்லாஹ் (ரலி). ஹிஜ்ரத்திற்குப் பின் மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை.

பிறர் சொத்துக்குக் காவல்

நாளடைவில் வாணிபத்தாலும் நிலத்தாலும் கனீமத்தாலும் அல்லாஹ் அவர்களுக்குப் பெரும் செல்வத்தைக் கொடுத்தான். ஆனால் ஒரு மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பையோ, வரி வசூலிக்கும் பொறுப்பையோ அவர்கள் ஒருபோதும் ஏற்றதில்லை. மைந்தர் இதைக் குறிப்பாக எடுத்துச் சொல்கிறார். சேர்ந்த செல்வம் எந்த வழியில் சேர்ந்தது என்பதும் கணக்கில் ஒரு பகுதியல்லவா!

இன்னொரு செய்தி நமது விஷயத்திற்கு மிகவும் நெருங்கியது. ஹளரத் உஸ்மான் (ரலி), ஹளரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி), ஹளரத் இப்னு மஸ்ஊத் (ரலி) போன்ற பெருமக்கள் உட்பட ஸஹாபாக்கள் எழுவர், தமக்குப் பின் தம் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் வஸியாக, அதாவது பொறுப்பாளராக, ஹளரத் ஜுபைர் (ரலி) அவர்களையே நியமித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர்களோ அந்த வாரிசுகளின் பொருளைத் தொடாமல் பாதுகாத்து, அவர்களுக்கான செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து செய்து வந்தார்கள். வாப்பாவிடம் இதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, வாப்பா போன பின் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் நாம் காணப்போகிறோம்.

அமானத்தைக் கடனாக்கிய பேணுதல்

இத்தகைய நம்பிக்கைக்குரியவரிடம் மக்கள் பணத்தைக் கொண்டு வந்து அமானத்தாக வைக்க விரும்பினார்கள். அவர்கள் அதை அமானத்தாக ஏற்க மறுத்தார்கள். பணம் தொலைந்து போகுமோ என்று அஞ்சுவதால், அதைத் தமக்குக் கொடுத்த கடனாக ஆக்கிவிடும்படி கேட்டுக்கொண்டார்கள்.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அமானத்தாக வைத்த பொருள், வாங்கி வைத்தவரின் கவனக்குறைவின்றிக் களவு போனாலும் தீயில் அழிந்தாலும் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கடன் அப்படியல்ல. என்ன நேர்ந்தாலும் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். ஹளரத் ஜுபைர் (ரலி) அவர்கள் பிறர் பணத்திற்கு நேரும் நஷ்டத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். அதே சமயம் கடனாகிவிட்ட பணத்தைத் தொழிலிலும் நிலத்திலும் போடுவதும் ஆகுமாயிற்று.

ஆகவே அவர்கள் மீதிருந்த கடன் வீண் செலவால் வந்ததன்று. பேணுதலால் வந்தது. ஆனாலும் கடன் கடன்தான். எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வாங்கியதாயினும், வாங்கியவர் மறைந்ததும் அது அவர் சொத்தின் மீது ஏறி உட்கார்ந்து கொள்கிறது. அவர்களோ ரொக்கமாக ஒரு தீனாரோ ஒரு திர்ஹமோ விட்டுச் செல்லவில்லை. விட்டுச் சென்றதெல்லாம் நிலமும் வீடுகளும்தாம்.

களத்தில் சொன்ன வஸிய்யத்

ஹிஜ்ரி 36 (கி.பி. 656). பஸராவுக்கு அருகே ஜமல் போர் நடந்த நாள். முஸ்லிம்கள் இரு பிரிவாக நின்ற அந்த வேதனையான நிகழ்ச்சியைப் பற்றி நாம் இங்கே விரித்துப் பேசப் போவதில்லை. ஸஹாபாக்கள் விஷயத்தில் நாவைக் காப்பதே நமக்கு நலம். அன்று காலை ஹளரத் ஜுபைர் (ரலி) அவர்கள் மைந்தர் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அருகழைத்தார்கள். இன்று தாம் அநீதமாகக் கொல்லப்படுவோம் என்றே தோன்றுவதாகவும், தம் கவலைகளில் பெரியது தமது கடனே என்றும் கூறினார்கள். அந்தக் கடன் தம் சொத்தில் எதையேனும் மிச்சம் வைக்குமா என்று கேட்டார்கள்.

பிறகு சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படி உத்தரவிட்டார்கள். மூன்றில் ஒரு பாகத்தை வஸிய்யத் செய்தார்கள். கடன் போக ஏதேனும் மிஞ்சினால், அந்த மூன்றில் ஒன்றில் மூன்றில் ஒரு பாகம் அப்துல்லாஹ்வின் மக்களுக்கு என்றார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளில் சிலர் ஜுபைர் (ரலி) அவர்களின் சொந்தப் பிள்ளைகள் சிலரின் வயதை ஒத்திருந்தார்கள். மகன்கள் இருக்கப் பேரர்களுக்கு வாரிசுப் பங்கு வராது. எனவேதான் வஸிய்யத்தின் வழியாக அவர்களுக்கு ஒரு பாகம் வைத்தார்கள்.

எதிலாவது முடியாமல் போனால் தம் மௌலாவிடம் உதவி தேடிக்கொள்ளுமாறும் சொன்னார்கள். மௌலா என்பது எஜமானரையும் குறிக்கும், உறவுக்காரரையும் குறிக்கும் சொல். யாரைக் குறிப்பிடுகிறார்கள் என்பது மைந்தருக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு, அல்லாஹ்வைத்தான் என்று விடை வந்தது.

ஹளரத் அலி (ரலி) அவர்கள் நபிகளாரின் ஒரு பொன்மொழியை நினைவூட்டியதும் ஹளரத் ஜுபைர் (ரலி) அவர்கள் களத்தை விட்டு நீங்கினார்கள் என்பது வரலாறு. திரும்பும் வழியில் வாதிஸ் ஸிபாஉ என்னும் இடத்தில் இப்னு ஜுர்மூஸ் என்பவனால் ஷஹீதாக்கப்பட்டார்கள். அவர்கள் பெயரால் அமைந்த ஜுபைர் என்னும் ஊர் இன்றும் இராக்கில் பஸராவுக்கு அருகே இருக்கிறது.

முதல் வேலை கணக்கு

ஒன்பது ஆண் மக்கள், ஒன்பது பெண் மக்கள், நான்கு மனைவியர், வஸிய்யத் பெற்ற பேரப்பிள்ளைகள் ஆகியோர் இருந்த குடும்பம் அது. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸராவில் இரண்டு, கூபாவில் ஒன்று, மிஸ்ரில் ஒன்று. இவற்றோடு மதீனாவையடுத்து அல்காபா என்னும் பெரிய நிலம். (இது கஃபாவைக் குறிக்கும் சொல்லன்று. மரங்கள் அடர்ந்த இடம் என்று பொருள்படும் வேறு சொல்.)

அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் முதலில் செய்த வேலை என்ன? பாகம் பிரிக்கவில்லை. விற்கவும் இல்லை. கடன் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். 22 இலட்சம் என்று தெரிந்தது. இருப்பதைப் பார்க்கும் முன் கொடுக்க வேண்டியதைப் பார்த்தார்கள். இன்று நாம் செய்வது இதற்கு நேர் மாறானது.

ஹளரத் ஜுபைர் (ரலி) அவர்களின் சிறிய தந்தையின் மகனாகிய ஹளரத் ஹக்கீம் இப்னு ஹிஜாம் (ரலி) அவர்கள் வந்து கடன் எவ்வளவு என்று விசாரித்தார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் முழுத் தொகையைச் சொல்லாமல் ஓர் இலட்சம் என்றார்கள். அதற்கே சொத்து போதாது என்று ஹக்கீம் (ரலி) அவர்கள் கருதினார்கள். 22 இலட்சமாக இருந்தால் என்று கேட்டபோது, அதை உங்களால் தாங்க முடியாது, இயலாவிட்டால் தம்மிடம் வரலாம் என்று கூறிச் சென்றார்கள். உறவினரிடம் முதலில் தொகையை மறைத்தது தந்தையின் கண்ணியத்தைக் காக்க. கடன் கொடுத்தவர்களிடம் அவர்கள் ஒரு காசைக் கூட மறைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

காபா நிலம் பதினாறு பங்கானது

காபா நிலத்தை ஜுபைர் (ரலி) அவர்கள் 1,70,000க்கு வாங்கியிருந்தார்கள். அதை மைந்தர் அவர்கள் 16 இலட்சம் என்று மதிப்பிட்டு, பங்கு ஒன்றுக்கு ஓர் இலட்சம் வீதம் பதினாறு பங்காக்கி விற்பனைக்கு வைத்தார்கள். ஜுபைர் மீது யாருக்கேனும் பாக்கி இருந்தால் காபாவுக்கு வந்து தம்மைச் சந்திக்கலாம் என்று அறிவித்தார்கள்.

ஹளரத் ஜஅபர் தய்யார் (ரலி) அவர்களின் மைந்தர் அப்துல்லாஹ் இப்னு ஜஅபர் (ரலி) அவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வர வேண்டியது 4 இலட்சம். கொடைக்குப் பேர் போன அவர்கள், விரும்பினால் அதை விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். மைந்தர் வேண்டாமென்றார்கள். அப்படியானால் பின்னர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். அதுவும் வேண்டாமென்றார்கள். முடிவில் நிலத்திலேயே தமக்கு ஒரு பகுதியைத் தரும்படி இப்னு ஜஅபர் கேட்டார்கள். இங்கிருந்து இதுவரை என்று எல்லை காட்டிக் கொடுக்கப்பட்டது. பின்னாளில் அந்தப் பகுதியை இப்னு ஜஅபர் 6 இலட்சத்திற்கு ஹளரத் முஆவியா (ரலி) அவர்களுக்கு விற்றார்கள்.

இவ்விருவரைப் பற்றி இப்னுல் அதீர் (ரஹ்) அவர்களின் வரலாற்று நூலில் மற்றோர் அறிவிப்பு உண்டு. அதில் தொகை 10 இலட்சம் என வருகிறது. தம் தந்தையின் ஏடுகளில் பார்த்ததில், இப்னு ஜஅபர்தான் தம் தந்தைக்கு அத்தொகையைத் தர வேண்டியிருக்கிறது என்று அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் முதலில் சொல்லிவிட்டார்கள். இப்னு ஜஅபர் மறுப்பே சொல்லாமல், ஜுபைர் பொய் எழுத மாட்டார், வேண்டும்போது பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு மறுபடியும் பார்த்ததில் விஷயம் தலைகீழ் என்று தெரிந்தது. பணம் தர வேண்டியவர் ஜுபைரே! மைந்தர் தாமே தேடிப் போய்த் தம் தவறைச் சொல்லித் திருத்தினார்கள். பணம் விட்டுக்கொடுக்கப்பட்டபோதும் அதை ஏற்கவில்லை. பற்றை வரவென்றும் வரவைப் பற்றென்றும் படித்துவிடுவது எவருக்கும் நேரக்கூடியது. எழுத்து இருந்ததால்தான் மறுபடி பார்க்க முடிந்தது. மறுபடி பார்த்ததால்தான் ஓர் உரிமை காப்பாற்றப்பட்டது.

காபாவின் மதிப்பு 16 இலட்சம். கடனோ 22 இலட்சம். ஆகவே காபாவோடு வீடுகளிலும் சில விற்கப்பட்டே கடன் அடைந்தது என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். கடன் முழுவதும் தீர்ந்தபோது காபாவில் நாலரைப் பங்கு விற்காமல் மிஞ்சியிருந்தது. ஹளரத் முஆவியா (ரலி) அவர்களின் சபையில் இந்தப் பேச்சு வந்தது. விலை என்ன, எத்தனை பங்கு மீதம் என்று கேட்டார்கள். மைந்தர் உடனே பதில் சொன்னார்கள். அந்தச் சபையிலேயே முன்திர் இப்னு ஜுபைர் ஒரு பங்கும், அம்ர் இப்னு உஸ்மான் ஒரு பங்கும், இப்னு ஸம்ஆ ஒரு பங்கும் ஓரோர் இலட்சத்திற்கு எடுத்துக்கொள்ள, மீதி ஒன்றரைப் பங்கை முஆவியா (ரலி) அவர்கள் ஒன்றரை இலட்சத்திற்கு வாங்கினார்கள். முன்திர், ஜுபைர் (ரலி) அவர்களின் சொந்த மகன். ஆயினும் அவருக்கும் வெளியாருக்கும் ஒரே விலைதான்!

இவ்வளவுக்கும் இடையில் நெருக்கடி வரும்போதெல்லாம் மைந்தர் அவர்கள் ஜுபைரின் மௌலாவை அழைத்து, அவருடைய கடனை அடைத்துத் தருமாறு இறைஞ்சுவார்கள். வழி திறக்கும். துஆ கணக்குக்குப் பதிலாக நிற்கவில்லை. கணக்கோடு சேர்ந்து நின்றது.

நான்கு ஹஜ்ஜுகள்

தெரிந்த கடன் எல்லாம் தீர்ந்தது. உடன்பிறந்தார் இனிப் பாகம் பிரிக்கலாம் என்று கேட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் சம்மதிக்கவில்லை. நான்கு வருடம் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்த பிறகே பாகம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே வருடந்தோறும், ஜுபைரிடமிருந்து யாருக்கேனும் கடன் வரவேண்டியிருந்தால் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று ஹஜ்ஜில் அறிவித்தார்கள். இராக், ஷாம், மிஸ்ர், யமன் ஆகிய நாற்றிசையிலிருந்தும் மக்கள் வந்து கூடும் இடம் அது. ஒரு வருடம் வர இயலாதவர் மறு வருடம் வரலாம்.

இதில் அவர்களுக்கு என்ன இலாபம்? அவர்களும் ஒரு வாரிசு. அவர்களின் மக்கள் வஸிய்யத்தில் பங்குள்ளவர்கள். புதிதாக ஒருவர் வந்து பாக்கி கேட்டால் குறைவது அவர்களின் பாகமும்தான். தமக்கு நஷ்டம் வரக்கூடிய அறிவிப்பை நான்கு வருடம் உரக்கச் சொன்னார்கள்.

இதைக் காட்டி, நாமும் நான்கு வருடம் பாகம் பிரிக்காமல் வைத்திருக்கலாமே என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் தாமதித்தது பிறர் உரிமையைத் தேடிக் கொடுப்பதற்காக. நம்மில் சிலர் தாமதிப்பது பிறர் உரிமை மறந்து போவதற்காக.

கூட்டிப் பார்த்தால்

நான்கு வருடம் கழிந்தது. மூன்றில் ஒரு பாகத்தை வஸிய்யத்துக்காக ஒதுக்கினார்கள். மீதியில் எட்டில் ஒன்று நான்கு மனைவியருக்கு. மற்றது மக்களுக்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என இருபத்தேழு கூறு. மனைவியர் ஒவ்வொருவருக்கும் 12 இலட்சம் கிடைத்தது என்றும், மொத்தச் சொத்து 5 கோடியே 2 இலட்சம் என்றும் புகாரி ஷரீபின் அறிவிப்பு முடிகிறது.

நம் இமாம்கள் இந்தத் தொகைகளைப் படித்துவிட்டுச் சும்மா போகவில்லை. கூட்டிப் பார்த்தார்கள். தலைக்கு 12 இலட்சம் என்றால் நால்வருக்கு 48 இலட்சம். அது எட்டில் ஒன்று என்றால் வாரிசுகளுக்குரியது 3 கோடியே 84 இலட்சம். அதன் பாதி, 1 கோடியே 92 இலட்சம், வஸிய்யத். இரண்டும் சேர்ந்து 5 கோடியே 76 இலட்சம். கடன் 22 இலட்சத்தையும் சேர்த்தால் 5 கோடியே 98 இலட்சம். அறிவிப்பில் உள்ளதைவிட 96 இலட்சம் அதிகம்!

ஹிஜ்ரி 852இல் வபாத்தான இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் பத்ஹுல் பாரீயில் இதைப் பற்றி ஆலிம்கள் சொன்ன விளக்கங்களைத் திரட்டியிருக்கிறார்கள். மனைவிக்குக் கிடைத்தது 10 இலட்சமாக இருக்கலாம் என்பது ஒன்று. அப்படி வைத்தால் 3 கோடியே 20 இலட்சமும், 1 கோடியே 60 இலட்சமும், கடன் 22 இலட்சமும் சேர்ந்து சரியாக 5 கோடியே 2 இலட்சம் வருகிறது. மற்றொன்று, 5 கோடியே 2 இலட்சம் என்பது மௌத்தான அன்றைய மதிப்பு, 96 இலட்சம் என்பது அந்த நான்கு வருடத்தில் சொத்தில் உண்டான பெருக்கம் என்பது.

இந்த இரண்டாவது விளக்கம் நமக்கு ஒரு முக்கியமான சட்டத்தை நினைவூட்டுகிறது. மௌத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் இடையில் சொத்தில் வரும் வாடகையும் விளைச்சலும், அதைப் பார்த்துக்கொள்பவரின் சொந்தப் பணமல்ல. சொத்தோடு சேர்ந்து எல்லா வாரிசுகளுக்கும் உரியது.

நாம் செய்ய வேண்டியது

திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான் (2:282). வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்பது நபிமொழி. வாரிசுரிமை வசனங்களில் (4:11, 12) வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகே பாகம் என்பதை அல்லாஹ் நான்கு தடவை கூறுகிறான். அநாதைகளிடம் அவர்கள் சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படியும் உத்தரவிடுகிறான் (4:6). எனவே நம் குடும்பத்தில் ஒருவர் மௌத்தாகி, பொறுப்பு நம் கையில் வந்தால், அன்றைக்கே தனி நோட்டு ஒன்றைத் திறந்துவிட வேண்டும்.

1. முதற் பக்கத்தில் மய்யித்து தர வேண்டிய கடன்களை எழுதுக. கடைப் பாக்கி, கைமாத்து, வேலையாட்களின் சம்பளம், மனைவிக்குக் கொடுக்காமல் நின்றுபோன மஹர் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். மஹர் கடன்தான் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள். விடுபட்ட ஜகாத்தும் நிறைவேற்றாத கடமையான ஹஜ்ஜும் ஷாபிஈ மத்ஹபில் கடனாகவே கருதப்படும். ஹனபி மத்ஹபில் அதற்கு வஸிய்யத் வேண்டும். ஊர் ஆலிமிடம் கேட்டு எழுதிக்கொள்க.

2. அடுத்து, அவருக்கு வர வேண்டியவற்றையும், விட்டுச் சென்ற நிலம், வீடு, நகை, ரொக்கம், வங்கி இருப்பு, கடைச் சரக்கு ஆகியவற்றையும் மௌத்தான நாளின் மதிப்போடு எழுதுக. வங்கியில் நாமினியாகப் பெயர் இருப்பதால் மட்டும் மார்க்கப்படி அவர் அந்தப் பணத்திற்கு உரிமையாளராகிவிட மாட்டார்.

3. பிறர் வைத்த அமானத் இருந்தால் அதைத் தனியே எழுதி, உரியவரிடம் உடனே ஒப்படைத்துவிடுக. அது மய்யித்தின் சொத்தே அல்ல.

4. பிறகு வரவு செலவு. கபன், அடக்கச் செலவு முதலில். கடன் அடைத்ததற்கு ரசீதும் கையெழுத்தும். வாடகை வரவு மாதந்தோறும். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் விருந்துச் செலவைப் பொதுச் சொத்தில் எழுதக் கூடாது. விருப்பப்பட்டவர்கள் தம் பணத்தில் செய்துகொள்ளட்டும். வாரிசுகளில் சிறுபிள்ளைகள் இருக்குமானால், அவர்கள் பங்கிலிருந்து விருந்து வைக்க எவருக்கும் அனுமதியில்லை.

5. ஜமாஅத்திலும் வியாபார இடங்களிலும், மய்யித்திடமிருந்து பாக்கி வர வேண்டியவர்கள் வரலாம் என்று அறிவிப்புச் செய்க. ஜனாஸா தொழுகையின்போது ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்றிருக்க வேண்டாம். அன்று வராதவர்களும் இருப்பார்கள்.

6. இவற்றுக்குப் பின் வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒன்றுக்குள் நிறைவேற்றி, மீதியைப் பங்கிட்டு, ஆண் பெண் எல்லா வாரிசுகளுக்கும் கணக்கைப் படித்துக் காட்டி, கையெழுத்துப் பெற்று, ஒவ்வொருவரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுக.

கணக்குக் கேட்பது சந்தேகத்தின் அடையாளம் என்று நினைப்பது தவறு. ஹளரத் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களை அவர்களின் உடன்பிறந்தார் சந்தேகித்ததில்லை. ஆயினும் எத்தனை பங்கு விற்றது, யார் வாங்கினார், என்ன விலை, எவ்வளவு மீதம் என்பது அவர்களின் நாவின் நுனியில் இருந்தது. அந்தக் கணக்கை அவர்கள் தம் தம்பி உர்வாவுக்குச் சொன்னார்கள். உர்வா (ரஹ்) அவர்கள் தம் மகன் ஹிஷாமுக்குச் சொன்னார்கள். அவ்வழியே அது புகாரி ஷரீபில் இடம்பெற்று, ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேலாக உலகம் அதைப் படித்துக் கொண்டிருக்கிறது. மறைக்க ஏதுமில்லாத கணக்கு அது.

நாம் எழுதும் கணக்கை நம் சகோதரிகள் படிப்பார்கள், அவர்கள் மக்கள் படிப்பார்கள். எழுதாமல் விட்ட கணக்கையோ மஹ்ஷரில் நாமே படிக்க வேண்டியிருக்கும்.

நம் பெற்றோரின் கடன்களிலிருந்து அவர்களை விடுவித்து, பிறர் உரிமைகளை முறையாக ஒப்படைக்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.